சித்திரையில ஏரி பார்க்க வந்த பேராண்டிக்கு

பேராண்டி, நான் சின்னப் பையனா இருக்கசொல்ல மெட்ராஸுக்குப் போவணும்னா செங்கல்பட்டு போயி ரயில் ஏறணும். இப்ப எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. நான் பாட்டுக்குத் திண்ணையில குந்திக்கினு இருந்தன், மெட்ராஸ் என்னைத் தேடி வந்துட்டுது. 1,189 சதுர கிலோமீட்டரா இருந்த பெருநகர எல்லையை 2022-ல 5,904 ஆக்கிட்டாங்க. ராத்திரி படுக்கசொல்ல கிராமத்தான், காலையில எழுந்துக்கசொல்ல பெருநகரத்தான். பல்லு வெளக்கற வேப்பங்குச்சி மட்டும் அதேதான்.

எல்லை வந்தா அது பின்னாலேயே நீ வருவேன்னு எனக்குத் தெரியும். தோள்ல பை, பைக்குள்ள மடிக்கணினி, தலைக்கு மேல ஙொய்யுனு ஒரு டிரோன். எங்க தண்ணி, எங்க பயிர், எங்க புதர், எங்க கட்டாந்தரைன்னு ஊரையே வர்ணம் வர்ணமாப் பிரிச்சு, இங்க நகரம் வந்தா இன்னா கெடும், இன்னா கெடாதுன்னு அறிக்கை எழுதற உத்தியோகம். நல்ல உத்தியோகம்தான். நானும் உன் தொழில்காரன்தான், தெரியுமா? கணக்குப்பிள்ளை பின்னால சர்வே சங்கிலியை இழுத்துக்கினு முள்ளுல நடந்தவன். ஒரு சங்கிலி 66 அடி, 100 கண்ணி. பேட்டரி தீர்ந்துதுன்னு அது எந்த நாளும் கீழே இறங்கினது கிடையாது.

சரி, படத்தைக் காட்டு. ஊருக்கு மேற்கால இருக்குதே பெரிய ஏரி, அதுக்கு இன்னா வர்ணம் குடுத்திருக்கே? வெளுத்த மஞ்சளா? மஞ்சள்னா இன்னா அர்த்தம்? தரிசா! அடேங்கப்பா. கீழ இருக்கற நஞ்சை முச்சூடும் அந்த ஏரியை நம்பித்தான் முளைக்குது. ஒரே சொடக்குல தரிசாக்கிட்டியே. எந்த மாசத்துப் படம்? ஏப்ரலா? அதான பார்த்தன். சித்திரையில எங்க ஏரியில மாடு மேயும், பசங்க கிரிக்கெட் ஆடுவானுங்க. அவனுங்க ஸ்டம்பு நட்ட இடத்துல கார்த்திகையில ரெண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணி நிக்கும்.

மாடு வாங்கப் போறவன் பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்க வுட்டுப் பார்ப்பான், ஒரு வேளை கறந்தும் பார்ப்பான். நீ பால் வத்தின மாசத்துல மடியை ஒரு ஃபோட்டோ புடிச்சுக்கினு போயி, இது கறவை இனமே இல்லைன்னு எழுதறியே, நியாயமா?

ஏன்டா சித்திரைப் படம்னு கேட்டா, மழைக்காலத்துல மேகம் மறைக்குது தாத்தாங்கற. அதாவது, ஏரி எப்ப ஏரியா இருக்குதோ அப்ப அதைப் பார்க்க முடியலை. எப்ப இல்லையோ அப்ப பளிச்சுனு தெரியுது. அதனால தெரியறதையே எழுதிட்டே. மேகத்தைத் தாண்டிப் பார்க்கற ரேடார் செயற்கைக்கோள்னு ஒண்ணு இருக்குதே, அது இன்னா ஆச்சு? 2012-ல ரிசாட்-1 விட்டாங்க, 2022-ல இ.ஓ.எஸ்.-04 விட்டாங்க. ஐரோப்பாக்காரன் சென்டினல்-1 படத்தை துட்டு வாங்காமலே குடுக்கறான். ராத்திரின்னாலும் மழைன்னாலும் அது பார்க்குமாம், தேங்கி நிக்கற தண்ணி கறுப்பாத் தெரியுமாம். இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லத் தெரிஞ்ச உனக்கு அறிக்கையில சேர்க்கத் தெரியலையா? இல்லை, சேர்த்தா மஞ்சள் நீலமாயிடும்னு யாராவது சொன்னாங்களா? சரி சரி, கேக்கலை.

இதுல டில்லியில இருக்கற சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்காரங்க பங்கும் கொஞ்சூண்டு உண்டு. காத்து, தண்ணி, மண்ணு, சத்தம் இதையெல்லாம் அளக்கறதுக்கு மழைக்காலம் நீங்கலா ஒரு பருவம் போதும்னு நிபந்தனை போடறது அவங்க வழக்கம். காத்துல தூசி அளக்கறதுக்கு அது சரிதான். மழை பெய்யசொல்ல தூசி அடங்கிக் கிடக்கும், அப்ப அளந்தா யோக்கியமாத்தான் தெரியும். ஆனா அவங்க கணக்குல மழைக்காலம்னா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும். அப்பால வர்ற மூணு மாசம் மழை ஓய்ஞ்ச காலமாம். நம்மூர்ல ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை, பேராண்டி. வடகிழக்குப் பருவமழைக்கு யாரு போயி டில்லியில மனு குடுக்கறது?

ஏப்ரல் மேல இருக்கற ஆசை ஒண்ணும் புதுசு இல்லை. 1802 ஏப்ரல் 10-ந்தேதி வில்லியம் லாம்டன்னு ஒரு துரை, எஃகு சங்கிலியை எடுத்துக்கினு பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவுல ஏழரை மைல் கோடு ஒண்ணு அளக்க ஆரம்பிச்சாரு. இந்தியா முச்சூடும் அளந்த பெரிய சர்வேக்கு அதுதான் அடிக்கோடு. கெட்டிக்காரத் துரை. அவருக்கு வேண்டியது நீளம், நீளத்தை வெயில்லதான் அளக்கணும். அவருக்கு முன்னால 1767-ல ஆரம்பிச்சு ஏழு வருசம் தாமஸ் பர்னார்டுன்னு இன்னொருத்தரு செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊரா எழுதினாரு. எத்தனை வீடு, எத்தனை ஏரி, வெளைஞ்ச நெல்லுல ஏரி மராமத்துக்கு எவ்வளவு பங்குன்னு அவரு கணக்கு போவுது. கும்பினிக்காரன் வரி வாங்கத்தான் எழுதினான், தர்மத்துக்கு இல்லை. ஆனாலும் வரி வேணும்னா ஏரி வேணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துது. உன் அறிக்கைக்குத் துட்டு குடுக்கறவனுக்கு அது தெரியணும்னு கட்டாயமா? அவன் மனையை வித்துட்டுப் போயிடுவான்.

லாம்டன் துரை கோடு போயி முடிஞ்ச பெரும்பாக்கம் எங்க இருக்குது? பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்துல. அங்க வா, உன் படிப்பு முச்சூடும் அங்கதான் கிடக்குது.

ஒரு காலத்துல 5,000 எக்டேருக்கு மேல விரிஞ்சு கிடந்த இடம் அது. ஊர்க்காரன் கழுவெளிம்பான். கீழ்க்கட்டளை ஏரி ரொம்பினா கலங்கல் தாண்டி நாராயணபுரத்துக்கு வரும். நாராயணபுரம் ரொம்பினா பள்ளிக்கரணைக்கு வரும். இப்படியே செம்பாக்கம், மாடம்பாக்கம்னு சுத்துப்பட்டுல 250 சதுர கிலோமீட்டர்ல பெய்யற மழை அங்க வந்து இறங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போயி, கோவளம் முகத்துவாரத்துல கடலைப் பார்க்கும். வடியற வழி குறுகல். அதனாலதான் தேங்கற இடம் அவ்வளவு அகலம். இதைச் சொல்ல எஞ்சினீயர் வேணுமா? அங்க எருமை மேய்ச்சவனைக் கேட்டாலே போதும்.

ஆனா கேட்டது யாரை? காகிதத்தை. சர்க்கார் போடற தரிசு நில அட்லஸ் இருக்குதே, அதுல தண்ணி தேங்கின சதுப்பு நிலமும் ஒரு தரிசு வகைதான். பூநாரை அந்த அட்லஸைப் படிக்கறது இல்லை, வருசா வருசம் வந்து எறங்குது. மனுசன் படிச்சுட்டான். தரிசுன்னு ஆன அப்பால இன்னா தடை? பெருங்குடிப் பக்கம் ஊர்க் குப்பையைக் கொட்டினாங்க. குறுக்கால 200 அடி ரோடு வந்துச்சு. ஓரத்துல கம்ப்யூட்டர் கம்பெனிங்க வந்துச்சு. கடலை ஆராயற நிறுவனம் ஒண்ணு வந்துச்சு, காத்தாலையை ஆராயற நிறுவனம் ஒண்ணு வந்துச்சு. கடலையும் காத்தையும் ஆராய்ஞ்சவங்க காலடி மண்ணை ஆராய்ஞ்சாங்களான்னு என்னைக் கேக்காதே. அவங்கள்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க.

கடைசியில புத்தி வந்துச்சு. 2007-ல ஒரு துண்டைக் காப்புக்காடு ஆக்கினாங்க. 2022-ல உலக ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க. எவ்வளவு? 1,247.54 எக்டேர். புள்ளி அஞ்சு நாலு! மிச்சத்துக்கு எவ்வளவு துல்லியம் பாரு. ஆயிரக்கணக்கான எக்டேர் போவசொல்ல புள்ளி வெச்சு எண்ணறதுக்கு ஆள் இல்லை.

இன்னொண்ணு சொல்றன், சிரிக்காதே. கூவம், அடையாறு கரையில குடிசை போட்டிருந்த சனங்களை, வெள்ளம் வந்தா அடிச்சுக்கினு போயிடும்னு சொல்லிக் காலி பண்ணி எங்க குடி வெச்சாங்க? அதே பெரும்பாக்கத்துல, அடுக்கு மாடியில. சதுப்பு ஓரம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப அங்கேயும் தண்ணி நின்னுது. முன்னால வெள்ளம் வாசல்ல வந்துச்சு, இப்ப லிஃப்டு வரைக்கும் வந்துச்சு. முன்னேற்றம்தான்.

பழைய பட்டணத்துக்காரன் மட்டும் யோக்கியனா? மாம்பலம் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920-கள்ல தியாகராய நகரை எழுப்பினான். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துல வள்ளுவர் கோட்டம். மேற்கு மாம்பலத்துல ஏரி பார்க்கற ரோடுன்னு இன்னும் பலகை தொங்குது, லேக் வியூவாம். போயி நின்னு பாரேன். மழை பெய்யற நாளா பார்த்துப் போனா ஏமாற மாட்டே.

கணக்குல நீ புலி, ஒரு கணக்கு போடு. ஒரு ஏக்கர்ல ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா எவ்வளவு தண்ணி? 40,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. 2015 டிசம்பர் 1-ந்தேதி ஆரம்பிச்சு ஒரே நாள்ல தாம்பரத்துல கொட்டினது 49 சென்டிமீட்டர். ஆக ஒரு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கற லாரியில அள்ளினா 165 லோடு. புதரா இருந்தா கொஞ்சம் குடிக்கும், ஏரியா இருந்தா வாங்கி வெச்சுக்கும். சிமெண்டு இன்னா பண்ணும்? பக்கத்து வூட்டுக்கு அனுப்பும். பக்கத்து வூடும் சிமெண்டு. அது அடுத்த வூட்டுக்கு அனுப்பும். கடைசியில பள்ளத்துல இருக்கறவன் வூட்டு பீரோ மிதக்கும்.

அப்பால நாலு வருசம் கழிச்சு, 2019-ல, அதே ஊர்ல குடிக்கத் தண்ணி இல்லை. ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி கொண்டாந்தாங்க, ஞாபகம் இருக்குதா? ஜூலை 12, முதல் ரயில். 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேத்தாங்க. ஒண்ணேகால் ஏக்கர்ல ஒரு நாள் பெஞ்ச மழைடா அது! அதைக் கடலுக்கு ஓட்டி வுட்டுட்டு, ரயிலுக்கு மாலை.

உன் அறிக்கைக்கு வருவோம். 2006-ல போட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில ஒரு படிவம் இருக்குதே, முதல் கேள்வியே இதான்: இந்த வேலையால நிலத்தோட பயன்பாடோ மேற்பரப்போ மேடு பள்ளமோ மாறுமா, ஆமாவா இல்லையா? வெள்ளம் வர்ற இடமான்னும் கேக்குது. கேள்வியில ஒரு குத்தமும் இல்லை. பதில் எழுதறது யாரு? கட்டப்போறவன். அவனுக்காக எழுதற ஆலோசகருக்குச் சம்பளம் குடுக்கறது யாரு? அவனேதான். எங்க ஊர்ல ஒருத்தன் தன் பிள்ளைக்குத் தானே நன்னடத்தைச் சான்று எழுதினா ஊரே சிரிக்கும். நீங்க அதுக்கு அட்டை போட்டு, பைண்டு பண்ணி, மூணு செட்டு குடுக்கறீங்க.

இன்னும் கேளு. 20,000 சதுர மீட்டர் கட்டினா சுற்றுச்சூழல் அனுமதி வேணும். 19,900 கட்டினா? வேணாம். இந்த நூறு சதுர மீட்டரை ஏரி கண்டுக்குமா? பக்கத்து பக்கத்துல அப்படிப் பத்து நின்னா தண்ணிக்கு இன்னா தெரியும், இது பத்துத் தனித்தனி மொதலாளின்னு? இதுல பெரிய கூத்து, கட்டடத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே கிடையாது. விலக்கு. சுரங்கம் வெட்டினா ஊரைக் கேப்பாங்க, ஊரையே கட்டினா ஊரைக் கேக்க மாட்டாங்க. 2020-ல புது வரைவு ஒண்ணு போட்டு, ஜனங்க கருத்துச் சொல்லுங்கன்னாங்க, இங்கிலீஷ்லயும் இந்தியிலயும். 22 மொழியில போடுங்கய்யான்னு டில்லி ஹைகோர்ட்டு சொல்ல வேண்டியதாச்சு. கருத்துக் கேக்கறவனுக்குக் கேள்வி புரியணும்கற அக்கறையைக் கோர்ட்டுதான் ஊட்ட வேண்டியிருக்குது.

அந்த வட்டத்தைப் பத்திச் சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்காது. திட்டம் வர்ற இடத்துல குத்தூசியை வெச்சு, பத்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள எத்தனை சதம் பயிர், எத்தனை சதம் புதர்னு அழகா கேக்கு வெட்டறே. தண்ணி என்னிக்குடா வட்டமா வந்துச்சு? அது மேட்டுல பொறந்து, வரத்துக் கால்வாய்ல நடந்து, ஏரியில தங்கி, கலங்கல்ல இறங்கி, அடுத்த ஊர் தாங்கலுக்குப் போவுது. பதினஞ்சு கிலோமீட்டர் மேற்கால இருக்கற ஏரி உடைஞ்சா உன் வட்டத்துக்குள்ள வந்து நிக்கும். கிழக்கால ஒரு கிலோமீட்டர்ல இருக்கற மேடு உனக்கு ஒரு சொட்டும் அனுப்பாது. வட்டத்தை அழிச்சுட்டு நீர் வர்ற வழியை வரை.

வரைஞ்சா, கால்வாய் படத்துல தெரியலைங்கற. எப்படித் தெரியும்? உங்க படத்துல ஒரு புள்ளி 10 மீட்டர், பழைய படம்னா 23 மீட்டர். எங்க ஊர் வரத்துக் கால்வாய் மூணு மீட்டர் இருந்தா அதிகம், அதுலயும் பாதி வேலிக்காத்தான். புள்ளிக்குள்ள கால்வாய் முழுகிப் போச்சு. அது மேல ரோடு போட்டா உன் வரைபடத்துல ஒரு வர்ணமும் மாறாது. கார்த்திகையில ஊர்தான் மாறும். புலப்பட நூலை எடுத்துப் பாரு, அந்த மூணு மீட்டருக்குத் தனி சர்வே நம்பரே இருக்கும், நானும் சேர்ந்து சங்கிலி புடிச்சது. மேலேருந்து பார்க்கறதும் வேணும், கீழேருந்து அளந்ததும் வேணும். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்க்கறதுக்குத்தானே அந்த மடிக்கணினி? சினிமா பார்க்கறதுக்கா?

மரத்தைப் பேத்து வேற இடத்துல நடுவோம், பத்துக்கு நூறா வெப்போம்னு எழுதியிருக்கற பக்கத்தை நான் படிக்கலை. பனையைப் பேத்து நட்டவனை முதல்ல கொண்டாந்து காட்டு, அப்பால படிக்கறன்.

வீடே கட்டாதேன்னா நான் சொல்றன்? சனம் எங்கதான் போவும்? கட்டு. நத்தம் எங்க இருக்குதுன்னு ஒரு தடவை சுத்திப் பாரு. எந்த ஊர்லயும் பழைய குடியிருப்பு மேட்டுல இருக்கும், ஏரி அதுக்கு ஒரு பக்கம், நஞ்சை ஏரிக்குக் கீழ. நம்ம பாட்டனுக்கு மேடு எது, பள்ளம் எதுன்னு காலு சொல்லிச்சு. உனக்கு அரை மீட்டர் ஏத்த இறக்கம் காட்டற கருவியே இருக்குது. வெச்சுக்கினு பள்ளமாப் பார்த்து ஏன்டா லே-அவுட் போடறீங்க? பள்ளம் சல்லிசுன்னு சொல்லு, ஒத்துக்கறன். சல்லிசா கிடைச்சதுக்குக் காரணம் என்னான்னு வாங்கறவன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு.

ஆக, மஞ்சளை இப்போதைக்கு அழி. கார்த்திகையில மழை வுட்ட மறுநாள் வா. கலங்கல்ல எவ்வளவு போவுது, எந்தக் கரையில கசியுது, எந்த வூட்டு வாசல்ல தண்ணி நிக்குதுன்னு தண்ணி கட்டறவனைக் கூட்டிக்கினு நடந்து எழுது. அவனுக்கு ஒரு நாள் கூலியும் குடு, உங்க பட்ஜெட்டு தாங்கும். அதுக்குள்ள தாலுக்கா ஆபீசுக்குப் போயி பழைய அ-பதிவேட்டைக் கேளு. யூ.டி.ஆர்.னு நிலப் பதிவைப் புதுப்பிச்சாங்களே, அதுக்கு அப்பால வந்தது இல்லை, அதுக்கு முந்தினது, எஸ்.எல்.ஆர்.ங்கற பழைய நிலப் பதிவேடு. முதல் தடவை கேட்டா, தேடணும்பாங்க. ரெண்டாவது தடவை கேட்டா, கரையான் அரிச்சுட்டுதும்பாங்க. டீ வாங்கிக் குடுத்துட்டு மூணாவது தடவை கேளு. முன்னால நாப்பது பக்கம் இருக்கும், பின்னால அறுபது பக்கம் இருக்கும், நடுவுல ஏரி உள்வாய் சர்வே நம்பர் இருந்த பக்கத்தை மட்டும் கரையான் தின்னிருக்கும். அதுக்கு எப்படிடா எண்ணு படிக்கத் தெரிஞ்சுதுன்னு என்கிட்ட கேக்காதே. எங்க காலத்துக் கரையான் பள்ளிக்கூடம் போனது இல்லை.